33 லட்சம் ஃபிளாட்டா, 8,000 வாடகையா?

கேள்வி: ஐயா, எனக்குச் செட்டிநாட்டில் கல்லல் பக்கம் ஒரு கிராமம். ஸ்ரீபெரும்புதூரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் எட்டு வருடமாக வேலை. பிடித்தம் போகக் கையில் 32,000 வருகிறது. வாடகை 8,000; ஊரில் அப்பா அம்மாவுக்கு 5,000 அனுப்புகிறேன். ஒரு புரோமோட்டர் 33 லட்சத்துக்கு ஃபிளாட் தருகிறார். "வாடகைக் காசையே தவணையாகக் கட்டிடலாம், மத்திய அரசு மானியமும் உண்டு" என்கிறார். சேமிப்பு 4 லட்சம், மனைவி நகையை அடகு வைத்தால் 3 லட்சம், மீதி 26 லட்சம் கடன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நகையைத் தொடவே வேண்டாம்.

26 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 22,500. இதுவா வாடகைக் காசு? மிஞ்சுகிற 9,500-இல் ஊருக்கு 5,000 போனால் நகைக்கடன் வட்டிக்கே தட்டுத் தடுமாறுவீர்கள். பத்திரச் செலவு இன்னும் பேச்சிலேயே வரவில்லை.

அவர் சொல்லும் மானியம், 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வருவது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் கேட்பது 26! கடனைக் குறைத்துத் தகுதி பெற்றாலும் அதிகபட்சம் 1.80 லட்சம்தான், அதையும் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத்தான் தருவார்கள். வருடம் 36,000 உங்கள் இரண்டு மாதத் தவணைக்குக் காணாது.

ஊர்ப் பக்கமும் ஒன்று பார்க்க வேண்டும். உங்கள் பெயரிலோ, மனைவி, மணமாகாத பிள்ளைகள் பெயரிலோ நாட்டில் எங்குமே பக்கா வீடு, அதாவது நிலையாகக் கட்டிய வீடு, இருக்கக் கூடாது. அப்பா பெயரில் இருந்தால் பாதகமில்லை. ஆனால் பாகப்பிரிவினை நடந்த வீட்டில் எந்தப் பங்கு யார் பெயரில் நிற்கிறது என்று நம் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடந்த 20 ஆண்டில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருந்தாலும் இந்த மானியம் கிடையாது.

வாடகை வீட்டில் இருப்பதை ஊரில் இளக்காரமாகப் பேசுவார்கள். பேசட்டும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு, பாய் விரித்துப் படுத்துத்தான் தொழில் பார்த்தார்கள். (சம்பாதித்ததை இங்கே செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு நீளும் வீடாகக் கட்டியதும், அதில் பல இன்று பூட்டிக் கிடப்பதும் வேறு கதை.)

உங்கள் சம்பளத்துக்குத் தாங்கும் தவணை 12,000. அதற்குச் சுமார் 14 லட்சம் கடன் வாங்கலாம். மாதம் 5,000 சேர்த்தால் மூன்று வருடத்தில் சேமிப்பு 6 லட்சம் ஆகிவிடும். வீட்டுக்காகப் பி.எஃப் பணத்தை எடுக்கவும் வழி உண்டு. வாலாஜாபாத் பக்கம், கொஞ்சம் பழைய வீடானாலும் சரி, 20 லட்சத்துக்குள் தேடுங்கள். அதுவரை வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

புரோமோட்டரிடம் ஏற்கெனவே டோக்கன் கொடுத்திருந்தால் ரசீதையும் ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள். ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது.