'ஆர்கானிக்' என்று வாங்குகிறோமே, அது என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடையில் 'ஆர்கானிக்' என்று அச்சடித்த பாக்கெட்டை அப்படியே நம்பலாமா? (வாசகி, சென்னை)

ரசாயன உரமும் ரசாயனப் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைவித்ததைத்தான் ஆர்கானிக், அதாவது இயற்கை விளைபொருள் என்கிறோம். அச்சடித்த எழுத்தை நம்ப வேண்டாம், முத்திரையைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் கொண்டுவந்த விதிகளின்படி, பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் என்.பி.ஓ.பி. (இயற்கை உற்பத்திக்கான தேசியத் திட்டம்) அல்லது பி.ஜி.எஸ். (பங்கேற்பு உத்தரவாத முறை) சான்று இருக்கும். முன்னதில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் ஆய்வாளர் வயலுக்கு வருவார். பின்னதில் அக்கம்பக்கத்து விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை இன்னொருவர் பார்த்து உறுதி சொல்வார்கள்.

ஆனால் தான் விளைவித்ததைத் தானே கொண்டுவந்து விற்கும் சிறு விவசாயிக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. முத்திரை இல்லையே என்று அவரைச் சந்தேகிக்காதீர்கள். அடியுரம் என்ன போட்டீர்கள், பூச்சி விழுந்தால் என்ன அடிப்பீர்கள் என்று கேளுங்கள். நிஜமாகவே செய்கிறவர் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்.

இயற்கைக் காய்கறியில் சத்து அதிகமா? (வாசகர், மதுரை)

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பூச்சிமருந்து எச்சம்தான் குறைவு என்றார்கள். 2014-ல் பிரிட்டனின் நியூகாசில் குழு இன்னும் அதிக ஆய்வுகளைச் சேர்த்தபோது, இயற்கை விளைபொருளில் உடல் செல்களைக் காக்க உதவும் ஆன்டிஆக்சிடன்ட்கள் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்று வந்தது. சத்துக்காக மட்டும் இரண்டு மடங்கு விலை கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காசுக்கு இன்னொரு கட்டுக் கீரை வாங்கிச் சமைப்பது மேல்.

அப்புறம் ஏன் இயற்கை விவசாயம் வேண்டும் என்கிறேன்? நம் தட்டில் இருப்பதைவிட வித்தியாசம் வயலில்தான் பெரிது. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தபோது நச்சு ஏறி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நாம் சாப்பிடுவது எச்சம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு டேங்கைச் சுமக்கிறவர் சுவாசிப்பது மருந்தையே. விலையைப் பார்க்கும்போது அவரையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மருந்து போய்விடுமா? (வாசகி, திருநெல்வேலி)

மேல்தோலில் ஒட்டியது ஓரளவு போகும். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் செடி உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும் ஊடுருவும் வகை மருந்துகள் எந்தத் தண்ணீருக்கும் அசையாது.

கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா என்றாலே இயற்கை அரிசிதானே? (வாசகர், கும்பகோணம்)

இல்லை. ரகம் வேறு, சாகுபடி முறை வேறு. கவுனிக்கும் யூரியா போடலாம், ஏ.டி.டி. 43 என்ற நவீன நெல் ரகத்தைத் தொழு உரத்திலும் விளைவிக்கலாம். ஒன்று மட்டும் உண்டு: மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான ரகங்களுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் சாய்ந்துவிடும். அதனால் விவசாயியே கையை இறுக்கிப் பிடிப்பார்.

எனக்கு இரண்டு ஏக்கர் நெல். அடுத்த போகத்திலிருந்தே யூரியாவை நிறுத்திவிடலாமா? (விவசாயி, திருவாரூர்)

நிறுத்தாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். தொழு உரத்தில் அது சுமார் அரை சதவீதம்தான். ஒரு மூட்டைக்கு ஈடாக 4 டன் எரு வேண்டும், அதுவும் ஒரே போகத்தில் முழுதும் பயிருக்குக் கிடைக்காது. மாடு இல்லாத வீட்டில் அவ்வளவு எரு எங்கிருந்து வரும்?

இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடை செய்தார்கள். நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற்றார்கள், ஆனாலும் அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் பெருமளவு குறைந்தது. இயற்கை விவசாயம் தவறு என்பதல்ல இதன் பொருள். மண்ணுக்கு அவகாசம் கொடுக்கவில்லை. சான்றிதழ் விதிகளே ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு மாறுதல் காலம் வைத்திருக்கின்றன. அந்த நாட்களில் விளைச்சல் குறையும், சான்று இல்லாததால் கூடுதல் விலையும் கிடைக்காது. பலர் மனம் உடைந்து திரும்பிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் 50 சென்ட் மட்டும் ஒதுக்குங்கள். பக்கத்து வயல் ரசாயனத் தண்ணீர் வழிந்து வராத மேட்டுப் பக்கமாகப் பாருங்கள். நடவுக்கு முன், பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை 10 கிலோ விதைத்து, 45 நாளில், பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். பூச்சிக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கித் தெளிக்கலாம். அதைப் பூச்சி தலைகாட்டும்போதே, சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். மற்ற ஒன்றரை ஏக்கரில் பசுந்தாள் உரம் போட்டுக்கொண்டு, யூரியாவைப் போகத்துக்குப் போகம் குறைத்து வாருங்கள். அந்த 50 சென்ட்டில் விளையும் நெல்லை முதல் வருடம் விற்க நினைக்காதீர்கள். வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.