கேள்விக்குறி எங்க போடணும்? கடைசி வினையைப் பாருங்க

கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டே நடத்துற ஒரு வாசகி கேட்டிருக்காங்க. கெஸ்டுக்கு அனுப்புற வாட்ஸ்அப் மெசேஜ்ல "எத்தனை மணிக்கு குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டுவீங்கன்னு சொல்லுங்க?"ன்னு போட்டாங்களாம், காலேஜ் படிக்கிற பையன் அந்தக் கேள்விக்குறி தப்புங்குறானாம், 'எத்தனை'ன்னு இருக்கே, அப்புறம் எப்படி தப்பாகும்னு இவங்களுக்குக் குழப்பம்.

பையன் சொல்றதுதான் சரிங்க. 'எத்தனை', 'எப்ப', 'யாரு'ன்னு ஒரு வார்த்தை நடுவுல வந்துட்டா மட்டும் வாக்கியம் கேள்வியாகிடாது. தமிழ்ல வாக்கியத்தை முடிக்கிற வினை பெரும்பாலும் கடைசிலதான் நிக்கும், அங்க பாருங்க. உங்களோடது 'சொல்லுங்க'ன்னு முடியுது, உள்ள இருந்த கேள்வியை 'ன்னு' கட்டிப் போட்டுடுச்சு, அதனால முற்றுப்புள்ளிதான். "எத்தனை மணிக்கு தாண்டுவீங்க?"ன்னு நேரா கேட்டா கேள்விக்குறி வேணும். "தாண்டுவீங்கன்னு சொல்ல முடியுமா?"ன்னு முடிச்சாலும் வேணும், ஏன்னா இப்ப கடைசி வினையே கேள்வி.

அடுத்தவங்க கேட்டதை எழுதும்போதும் இதேதான். ரூம்ல ஹீட்டர் இருக்கான்னு கெஸ்ட் கேட்டார், இதுக்குக் குறி கிடையாது. அவர் வார்த்தையை அப்படியே மேற்கோள்ல போட்டா, "ரூம்ல ஹீட்டர் இருக்கா?" என்று கேட்டார், குறி மேற்கோளுக்கு உள்ளயே நிக்கணும், வெளிய இன்னொண்ணு வேணாம். 'யார் வந்தாலும்', 'எங்கயோ' இதெல்லாம் கேள்வியே இல்ல.

இனி நான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல வந்தது. ஓலைச்சுவடில கேள்விக்குறியே கிடையாது, அது ஐரோப்பாக்காரங்க அச்சோட நமக்கு வந்தது, அதுக்கு முன்னாடி அது இல்லாமலே ஓடுச்சுன்னா வினா எழுத்துதான் காரணம்: எ, யா முதல்ல வரும், ஆ, ஓ கடைசில வரும், ஏ ரெண்டு பக்கமும் வரும்னு நன்னூல்லயே இருக்கு. 'வந்தானா'ன்னு எழுதிட்டா குறி இல்லாட்டியும் கேள்வின்னு புரிஞ்சிடும். ஆனா இப்ப நாம பேசுற மாதிரியே டைப் பண்றோம், பேச்சுல குரலை ஏத்தி "சாப்டாச்சு?"ன்னு கேக்குறோம், அந்த 'ஆ' காணாம போயிடுது, குரலும் ஸ்க்ரீன்ல கேக்காது, அப்ப கேள்வின்னு காட்ட அந்தச் சின்னக் குறி ஒண்ணுதான் மிச்சம்.

உங்க தொழில்லயே பாருங்க. ஹைகோர்ட் உத்தரவால 2024 மே 7லேருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு. நீங்க "இ-பாஸ் எடுத்தாச்சு"ன்னு குறி இல்லாம அனுப்புனா, ஹோம்ஸ்டேக்காரங்களே எடுத்துட்டாங்க போலன்னு கெஸ்ட் நிம்மதியா கிளம்பி வந்து செக்போஸ்ட்ல குழந்தைகளோட காத்து நிப்பாங்க. "தண்ணி வரல", "தண்ணி வரல?" ரெண்டையும் படிச்சுப் பாருங்க, ஒண்ணு புகார், இன்னொண்ணு விசாரிப்பு. அதனால முடிஞ்ச வரைக்கும் 'எடுத்தாச்சா?'ன்னு 'ஆ'வையும் சேத்தே எழுதுங்க.

குறிக்கு முன்னாடி இடம் விடாதீங்க, ஒண்ணு போதும், மூணு போட்டா அதட்டுற மாதிரி இருக்கு. "கார்ல வர்றீங்களா, பஸ்ல வர்றீங்களா?"ன்னு கேக்கும்போதும் கடைசில ஒண்ணே போதும்.

உங்க மெசேஜை இப்படி மாத்திக்கங்க: "வணக்கம்ங்க. இ-பாஸ் எடுத்தாச்சா? எத்தனை மணிக்கு குஞ்சப்பனை தாண்டுவீங்கன்னு சொல்லுங்க. ராத்திரி சாப்பாடு வேணுமான்னும் சொல்லிடுங்க."