அலமாரிக்கு நூற்றாண்டு விழா

கேள்வி: ஐயா, ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'செர்ரிப் பழத்தோட்டம்' நாடகத்தை எங்கள் வாசிப்புக் குழுவில் ஆளுக்கொரு பாத்திரமாகப் படிக்கப் போகிறோம். கடனில் வீடு ஏலம் போகிறது, தோட்டத்தை வெட்டுகிறார்கள், வயதான வேலைக்காரரைப் பூட்டிய வீட்டுக்குள் மறந்துவிட்டுப் போகிறார்கள். இதைப் போய் செகாவ் நகைச்சுவை நாடகம் என்றாரே, ஏன்?
- வாசகி, திருவாரூர்

பதில்: செகாவ் அதைத் தெரிந்துதான் சொன்னார். 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இதைச் சோக நாடகமாக்கி மேடையேற்றியதில் அவருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. 12 நிமிடத்தில் முடிய வேண்டிய அங்கத்தை 40 நிமிடம் இழுக்கிறார்கள், நாடகமே கெட்டுவிட்டது என்று மனைவி ஓல்காவுக்கு எழுதினார். வீட்டு எஜமானி ரனெவ்ஸ்கயாவாக நடித்தவரே ஓல்காதான்!

சிரிப்புக்கு நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ரனெவ்ஸ்கயாவின் அண்ணன் காயெவை. வயது 51. ஆகஸ்ட் 22-ல் ஏலம். தோட்டத்தை மனை பிரித்துக் கோடை வீடுகளுக்குக் குத்தகைக்கு விட்டால் வருடம் 25,000 ரூபிள் வரும் என்று வியாபாரி லொப்பாகின் இப்போதுதான் கணக்குச் சொன்னார். காயெவோ, புத்தக அலமாரி செய்து சரியாக நூறு வருடம் ஆகிவிட்டது என்று கண்டுபிடித்து, "மதிப்புக்குரிய அலமாரியே!" என்று கண்கலங்கச் சொற்பொழிவு ஆற்றுகிறார்.

அப்புறம் ஃபீர்ஸ், நீங்கள் சொன்ன அந்த வேலைக்காரர். 87 வயது, காது மந்தம். இந்த 51 வயதுக்காரரை, 'மறுபடியும் தப்பான கால்சட்டையா?' என்று கடிந்துகொள்கிறார். குளிருமே என்று கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறார். முதல் அங்கமும் கடைசி அங்கமும் நடப்பது குழந்தைகள் அறையில். அங்கே குழந்தை என்று இப்போது யாரும் இல்லை. வீட்டுக்கு வயதாகிவிட்டது, இவர்கள் வளரவே இல்லை. எனக்குத் தெரிந்து இந்த நாடகத்தின் நகைச்சுவை அதுதான்.

பூட்டிய வீட்டில் ஃபீர்ஸ் பேசுவதையும் கவனியுங்கள். என்னை மறந்துவிட்டார்கள், பரவாயில்லை என்கிறார். உடனே கவலை காயெவ் மேல் போய்விடுகிறது: ரோமக் கோட்டுப் போடாமல் போயிருப்பாரே, சின்னப் பிள்ளைத்தனம்! அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும்.

அதனால் வேகமாகப் படியுங்கள். ஃபீர்ஸ் பாத்திரத்தை உருக்கமாக இழுத்துப் படிப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பேரனைக் குல்லா போடச் சொல்லி வீட்டில் சத்தம் போடுகிற யாராவது குழுவில் இருந்தால், அவரே சரி.