ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுல ஆட்டம் மட்டும் போதுமா, நடத்தையும் பார்க்கணுமா?

கேள்வி: எங்க விளையாட்டு சங்கத்துல புதுசா ஹால் ஆஃப் ஃபேம், அதாவது பெரிய சாதனை பண்ணின வீரர்களைத் தேர்ந்தெடுத்து கௌரவிக்கற பட்டியல், ஆரம்பிக்கிறோம், நான் தேர்வுக் கமிட்டில இருக்கேன். முதல் லிஸ்ட்லயே ஒருத்தர் பேர் வந்திருக்கு, ஆட்டத்துல அவரை அடிச்சிக்க ஆளே இல்ல, ஆனா வெளியில அவர் மேல புகார் நிறைய. பாதி பேர் ஆட்டத்தை மட்டும் பாருங்கன்றாங்க, பாதி பேர் அவரைச் சேர்த்தா நாங்க விலகிடுவோம்ன்றாங்க. என்ன பண்றது?

பதில்: முதல்ல அவர் பேரை கொஞ்சம் ஓரமா வைங்க. ரூலே எழுதாம பேரைப் பேச ஆரம்பிச்சீங்கன்னா பிடிச்சவருக்கு ஒரு நியாயம் பிடிக்காதவருக்கு ஒரு நியாயம்னுதான் போகும், இதுக்கு பெரிய பெரிய அமைப்புகளே சாட்சி.

அமெரிக்க பேஸ்பால்ல கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கு. ஓட்டு போடறவங்க ஆட்டத்தோட சேர்த்து நேர்மை, குணம் எல்லாம் பார்க்கணும்னு ரூல்லயே இருக்கு, ஆனா எது நல்ல குணம், எவ்வளவு பார்க்கணும்னு எங்கயும் சொல்லல. விளைவு என்னன்னா 762 ஹோம் ரன் அடிச்ச பேரி பாண்ட்ஸ், ஊக்கமருந்து சந்தேகத்தால 2022-ல பத்திரிகையாளர்கள் ஓட்டுல கடைசி சான்ஸ்லயும் 66 சதவீதம்தான் வாங்கினார், 75 வேணும். அதே மண்டபத்துல கறுப்பின வீரர்களோட ஆட மாட்டேன்னு நின்ன கேப் ஆன்சன் 1939-ல இருந்து இருக்கார். இதை எப்படிங்க நியாயம்னு சொல்ல முடியும்?

அமெரிக்க ஃபுட்பால்ல நேர் எதிர், களத்துல என்ன பண்ணார்னு மட்டும்தான் பார்ப்பாங்க. 1985-ல சேர்ந்த ஓ.ஜே. சிம்சன் அதுக்கப்புறம் கொலை வழக்குல விடுதலையாகி, பின்னாடி கொள்ளை வழக்குல ஜெயிலுக்கே போனார், அவர் சிலை இன்னும் அங்கதான் இருக்கு. ரூல் தெளிவு, ஆனா எனக்கு இதுவும் ஒப்பல. ஹால் ஆஃப் ஃபேம் வெறும் ஸ்கோர் புக் இல்ல, மேடை போட்டு மாலை போட்டு ஒருத்தரைக் கொண்டாடறோம்.

என் கருத்து, நடத்தை கண்டிப்பா கணக்குல வரணும், ஆனா பொத்தாம்பொதுவா இல்லாம எதெதுன்னு எழுதி வச்சு. ஆட்டத்தையே ஏமாத்தினது, அதாவது மேட்ச் பிக்ஸிங், ஊக்கமருந்து, தன் டீம் ஆட்டத்துலயே பெட் கட்டறது, இதெல்லாம் நிரூபணம் ஆனா நேரா தகுதி நீக்கம், ஏன்னா அவரோட சாதனையே சந்தேகமாயிடுது. பேஸ்பால் வீரர் பீட் ரோஸ் 4,256 ஹிட் அடிச்சும் பெட்டிங்கால 1989-ல தடை வாங்கினார், 2024-ல சாகற வரைக்கும் உள்ள போக முடியல. கடுமைதான், ஆனா எனக்கு அது சரின்னுதான் படுது.

அடுத்து ஆளுங்களுக்கு செஞ்ச கொடுமை, அதுலயும் விளையாட்டுல கிடைச்ச பதவியை வச்சு செஞ்சதுன்னா தயவே காட்டக்கூடாது. டென்னிஸ்ல பாப் ஹெவிட் 1992-ல ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்ந்தவர், தான் கோச்சிங் குடுத்த சின்னப் பொண்ணுங்களை பலாத்காரம் பண்ணார்னு 2015-ல கோர்ட் தண்டிச்சது, 2016-ல அவரை நீக்கிட்டாங்க. அதனால சேர்க்கற ரூல் எழுதும்போதே நீக்கற ரூலையும் எழுதிடுங்க, பின்னாடி உக்காந்து யோசிச்சா வருஷக்கணக்கா இழுக்கும்.

குடும்பத் தகராறு, விவாகரத்து, வாய்த்துடுக்கு, அரசியல் கருத்து, இதெல்லாம் வேண்டாம். அதுல நுழைஞ்சா கமிட்டிக்கு முடிவே கிடையாது. ஆனா வீட்ல அடிச்சு உதைச்சார்னு கேஸ் நிரூபணமாச்சுன்னா அது குடும்பத் தகராறு கிடையாது, குற்றம், மேல சொன்ன கணக்குலதான் வரும்.

உங்க ஆள் விஷயத்துல புகார் நிரூபணமாச்சா, விசாரணைல இருக்கா, இல்ல வெறும் பேச்சுதானான்னு பிரிச்சுப் பாருங்க. வெறும் பேச்சை வச்சு ஒருத்தரை ஒதுக்காதீங்க. விசாரணைல இருந்தா நிராகரிக்காம இந்த வருஷம் நிறுத்தி வைங்க, முடிஞ்சதும் எடுத்துக்கலாம். புகார் குடுத்தவங்க உங்க சங்கத்து ஆளுங்கன்னா கமிட்டியே விசாரிக்க வேண்டாம், சம்பந்தமில்லாத வெளியாளை வச்சு விசாரிங்க, அவரோட கூட ஆடினவங்க யாராவது கமிட்டில இருந்தா அந்த ஓட்டுல மட்டும் கலந்துக்காம இருக்கச் சொல்லுங்க.