குவாண்டம் பின்னல் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதை அளக்க முடியுமா?

இரண்டு துகள்களின் நிலையைத் தனித்தனியாகச் சொல்லவே முடியாதபடி அவை ஒன்றாகப் பிணைந்திருப்பதுதான் பின்னல். கேட்டவர் எம்.எஸ்சி. புராஜெக்டில் மாட்டிக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். "இரண்டு டிடெக்டரிலும் ஒரே நேரத்தில் ஃபோட்டான் விழுகிறது, இது போதாதா?" என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. நான் மூக்குடைபட்டதும் இதே இடத்தில்தான்.

எங்கள் ஏற்பாடு பல ஆய்வகங்களில் இருப்பதுதான். 405 நானோமீட்டர் டையோடு லேசர், ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி ஒட்டிய இரண்டு பி.பி.ஓ. (பேரியம் போரேட்) படிகங்களுக்குள் போகும். எப்போதாவது ஒரு ஃபோட்டான் 810 நானோமீட்டரில் இரண்டாகப் பிரிந்து வெளியே வரும். ஒரு படிகத்தில் பிறந்த ஜோடி என்றால் இரண்டுமே கிடை முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை), மற்றதில் பிறந்தால் இரண்டுமே செங்குத்து. எதில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாதபடி இருந்தால்தான் பின்னல். இதை நான் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். மண்டையில் ஏறவில்லை.

ஒரு ராத்திரி, கருவிகளில் மினுக்கும் சின்ன எல்.இ.டி.களின் மேலெல்லாம் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு எண்ண உட்கார்ந்தேன். டிடெக்டர்களுக்கு முன்னால் ஒரு முனைவாக்கத்தை மட்டும் விடும் போலரைசர்கள். இரண்டு பக்கமும் கிடை: நொடிக்கு 600 ஜோடி. ஒரு பக்கம் கிடை, மறுபக்கம் செங்குத்து: வெறும் 8. அந்த எட்டிலும் ஐந்து தற்செயல் (டிடெக்டர் ஒவ்வொன்றிலும் நொடிக்கு 25,000, சேர்ந்து விழுந்ததாகக் கணக்கில் எடுக்கும் நேரம் 8 நானோநொடி, பெருக்கிப் பாருங்கள்). விசிபிலிட்டி, அதாவது இரண்டு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது, 97 சதவீதம். அம்மாவுக்கு போன் போட்டு "வந்திடுச்சு" என்றே சொல்லிவிட்டேன்.

மறுநாள் சார் நோட்டைப் புரட்டினார். "45-ல வெச்சுப் பாத்தியாம்மா?"

பார்த்தேன். இரண்டு போலரைசரும் 45 டிகிரியில்: 306. ஒன்றை மட்டும் 135-க்குத் திருப்பினால்: 298. விசிபிலிட்டி ஒரு சதவீதம் சொச்சம்.

கோயில் வாசலில் விட்ட செருப்பில் ஒன்றுதான் கிடைத்தது, அது இடது கால் என்றால் தொலைந்தது வலது கால். இதைச் சொல்லக் குவாண்டம் தேவையில்லை. என் 600-ம் 8-ம் அந்தச் செருப்புக் கணக்குதான். பின்னல் இருந்தால் 45-லும் இதே ஒற்றுமை தெரிய வேண்டும். பின்னல் இல்லாத ஜோடிகளில், கிடை-செங்குத்தில் வரும் விசிபிலிட்டியையும் 45-135-இல் வரும் விசிபிலிட்டியையும் கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. தாண்டினால் பின்னல் உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். எனக்கு 99-ஐ எட்டவில்லை.

தப்பு எங்கே? லேசரின் இரண்டு முனைவாக்கங்களும் படிகத்துக்குள் ஒரே வேகத்தில் போவதில்லை. அதனால் ஒரு படிகத்து ஜோடி கொஞ்சம் முந்தியும் மற்றது பிந்தியும் வருகிறது. சாதாரண டையோடு லேசரின் அலை ஒழுங்காக இருப்பதே கொஞ்ச தூரத்துக்குத்தான், ஆகவே இந்த நேர வித்தியாசமே எந்தப் படிகம் என்று காட்டிக்கொடுத்துவிடும். படிகங்களுக்கு முன்னால் ஒரு குவார்ட்ஸ் தகடு வைத்து, முந்துகிறதை முன்கூட்டியே தாமதப்படுத்த வேண்டும்.

அந்தத் தகடு வந்து சேர 11 வாரம். விரல் நகம் அளவு கல்லுக்கு மூன்று கோட்டேஷன், "இந்தப் பொருளின் அவசியம்" என்று ஒரு பக்கக் கடிதம், ஒரு கையெழுத்து இடம் மாறியதால் முதலிலிருந்து மறுபடியும். அந்தச் சமயத்தில் ஏழு மாத ஃபெலோஷிப்பும் நிலுவை. 29 வயதில் அப்பாவிடம் மெஸ் பில்லுக்குப் பணம் கேட்பது எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் யாருமில்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இன்னும் தீசிஸ் சமர்ப்பிக்கவில்லை.

தகடு வந்தது. அதை இம்மி இம்மியாகச் சாய்க்கச் சாய்க்க 298 இறங்க ஆரம்பித்தது. 210, 120, கடைசியில் 27. விசிபிலிட்டி 91. அப்புறம்தான் பெல் சோதனை (பல கோணங்களில் எண்ணி, இரு பக்க ஒற்றுமையை எஸ் என்ற ஒரே எண்ணாக்குவது): ஒரு பக்கம் 0, 45, மறுபக்கம் 22.5, 67.5, ஒவ்வொன்றுக்கும் 90 டிகிரி தள்ளிய திசையையும் சேர்த்து 16 எண்ணிக்கை. பின்னல் இல்லாவிட்டால் எஸ் என்கிற அந்த எண் 2-ஐத் தாண்டாது, குவாண்டம் அனுமதிக்கும் உச்சம் 2.83. எனக்கு 2.61, பிழை 0.02. இந்தத் தடவை அம்மாவுக்கு போன் பண்ணவில்லை.

இப்போது சிலர் வருவார்கள், "உன் சோதனையில் ஓட்டை இருக்கிறது" என்று. இருக்கிறது. பிறந்த ஜோடிகளில் கொஞ்சம்தான் என் டிடெக்டரில் அகப்படுகின்றன. அகப்படாததும் அதே மாதிரிதான் என்று நம்பிக்கொள்கிறேன். முக்கிய ஓட்டைகளை ஒரே சோதனையில் அடைக்க 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைரத்துக்குள் இருந்த எலக்ட்ரான்களைப் பின்ன வேண்டியிருந்தது. 245 முயற்சிகளில் 2.42 கிடைத்தது. நான் இயற்கையின் உண்மையை நிரூபிக்கப் போகவில்லை, என் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். இன்னொன்று, எஸ் 2-க்குக் கீழே வந்தால் பின்னல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இரைச்சல் எல்லாத் திசையிலும் சமமாகக் கலந்த ஜோடிகளில் விசிபிலிட்டி 33 சதவீதத்தைத் தாண்டினாலே பின்னல் உண்டு, பெல் எல்லையைத் தாண்டத்தான் 71 வேண்டும். இயற்பியலாளர் வெர்னர் 1989-லேயே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டார்.

சரி, எவ்வளவு பின்னல் என்று அளக்க? டோமோகிராஃபி. வேறு 16 அமைப்புகளில் எண்ணி, முழு நிலையையும் கணக்கிட்டு எடுத்து, அதிலிருந்து கன்கரன்ஸ் என்ற எண்: 0 என்றால் பின்னல் இல்லை, 1 என்றால் முழுப் பின்னல். எனக்கு 0.88. இரண்டு ஃபோட்டானுக்கு இது ஒரு மதிய வேலை. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 2005-இல் எட்டு கால்சியம் அயனிகளுக்கு இதையே செய்ய 6,561 அமைப்புகள், ஒவ்வொன்றும் 100 தடவை, பத்து மணி நேரம். துகள்கள் எண்ணில் அடங்காத திண்மப் பொருளில் அதுவும் நடக்காது. அங்கே காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் வைத்தால் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பது) மாதிரி மொத்தமாக அளக்கக்கூடிய ஒன்றை எடுத்து, பின்னல் இல்லாமல் இந்த மதிப்பு வருமா என்று பார்ப்பார்கள்.

உங்கள் புராஜெக்டுக்கு அந்த 45 டிகிரி எண்ணிக்கையை முதலில் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நானே எடுத்துக் காட்டியிருப்பேன், ஆனால் போன மாதம் எங்கள் லேசர் டையோடு போய்விட்டது. புதியதற்கு மூன்றாவது கோட்டேஷன் இன்னும் வரவில்லை.