ஆணி வரிசையில் மிதித்தால் போதுமா?

கேள்வி: மழைக்கு முன் எங்கள் சிமென்ட் ஷீட் கூரையில் உடைந்த நான்கு ஷீட்டுகளை மாற்ற வேண்டும். ஓரத்தில் 10 அடி உயரம். "ஆணி வரிசை மேலேயே நடந்துக்கறேன்" என்கிறார் வேலைக்கு வருபவர். சேஃப்டி பெல்ட் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: இரண்டும் போதாது. ஆணி வரிசைக்கு அடியில் இரும்புச் சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் ஓட்டை போட்ட இடத்திலிருந்துதான் விரிசல் ஓடும். பாசியில் கால் அரை அடி வழுக்கினாலே சட்டத்தை விட்டு விலகிவிடும். வெயிலில் வெந்த பழைய ஷீட், சத்தம் எதுவும் கொடுக்காமல் சட்டென்று உடையும். வெளிச்சத்துக்காகப் போட்ட ஃபைபர் ஷீட் இன்னும் மோசம்; பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்கே தெரியாது.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் வேண்டவே வேண்டாம். விழும் வேகத்தில் விலாவையும் முதுகெலும்பையும் முறித்துவிடும். தோள், தொடை எல்லாம் பிடிக்கும் ஃபுல் பாடி ஹார்னஸ்தான் சரி. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 6 அடிக் கயிறு, அதிர்ச்சி தாங்கும் பட்டை விரியும் நீளம் சுமார் 6 அடி, ஆளின் உயரம் எல்லாம் சேர்த்தால் 18, 20 அடி ஆகிவிடும். உங்கள் வீட்டில் கயிறு பிடிப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார்.

அதனால் கூரைமேல் ஏறாமல் உள்ளிருந்தே செய்யச் சொல்லுங்கள். அறைக்குள் சாரம் கட்டி, பலகை பரப்பி, உடைந்த ஷீட்டை முதலில் கழற்றினால் அந்தத் திறப்பில் மார்பளவு நின்று பக்கத்து நட்டுகளை எட்டலாம். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால், தண்ணீர் தெளித்து ஆக்சா பிளேடால் அறுக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசி பறக்கக் கூடாது. 10 அடி ஷீட் ஒன்று 40 கிலோ வரும், ஏற்ற இரண்டு பேர் வேண்டும். காற்றடிக்கும் நாளில் தொடவே கூடாது.

மேலே ஏறித்தான் தீர வேண்டுமென்றால் ஒன்றரை அடி அகலத்தில், குறைந்தது மூன்று சட்டங்கள்மேல் படியும் நீளத்தில் பலகை போடுங்கள். சட்டங்கள் நாலரை அடிக்கு ஒன்று என்றால் 10 அடிப் பலகை. இரண்டு வேண்டும்: ஒன்றில் நின்றுகொண்டுதான் மற்றதை நகர்த்த முடியும். சரியாமலிருக்க, முகட்டைத் தாண்டிக் கயிறு போட்டு மறுபுறத் தூணில் கட்டுங்கள். ஹார்னஸ் கயிற்றையும் ஓரத்தை எட்ட முடியாத அளவுக்குச் சுருக்கிக் கட்டுங்கள்.

ஏணி 10 அடி உயரத்துக்கு இரண்டரை அடி தள்ளி ஊன்றி, ஓரத்துக்கு மேல் 3 அடி நீட்டி, தலைப்பைக் கட்டிய பிறகே ஏற வேண்டும். வேலை முடியும்வரை, வேலை செய்பவர்களைத் தவிர வேறு யாரும் அந்த அறைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மேலிருந்து வேலை நடந்தால் கதவைப் பூட்டிவிடுங்கள்.