எஃப்.எம்.ஜி.இ. தேர்வு: நேரடி வகுப்பில் சேர்த்தால்தான் தேற முடியுமா?

கேள்வி: என் மகள் ஜார்ஜியாவில் மருத்துவம் முடித்து வந்திருக்கிறாள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே மருத்துவராகத் தேற வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வை ஒரு தடவை எழுதி 138 மதிப்பெண் எடுத்தாள். வீட்டிலிருந்தபடி செயலியில் வீடியோ பார்த்துத்தான் படித்தாள். டில்லியில் நேரடி வகுப்புக்குப் போனால்தான் பாஸாக முடியும் என்று கூடப் படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். சென்னையிலும் வகுப்புகள் இருக்கின்றன. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகையாகிறது. சேர்க்கலாமா?
- ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: 300 கேள்விகள், தேற 150, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. உங்கள் மகளுக்கு 12 குறைந்திருக்கிறது. இந்தத் தேர்வு நடந்த பல தடவைகளில், எழுதியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான் தேறியிருக்கிறார்கள் என்பதோடு வைத்துப் பார்த்தால், 138 ஒன்றும் மோசமில்லை. 19 பாடங்களையும் முதல் பக்கத்திலிருந்து யாராவது அவருக்கு நடத்த வேண்டிய அவசியமில்லை. ஆறு மாதம், எட்டு மாதம் என்று நீளும் முழு வகுப்பில் சேர்த்தால், வீடியோவில் ஏற்கெனவே கேட்டதையே மறுபடி கேட்கப் பணம் கட்டுகிறீர்கள். அது வேண்டாம்.

90, 100 எடுத்தவர் என்றால் என் பதில் வேறு. கொரோனா காலத்தில் இரண்டு வருடம் ஆன்லைனிலேயே ஓட்டியவர்கள், உள்ளூர் மொழி தெரியாமல் வார்டில் நோயாளியிடம் சரியாகப் பேசாமலேயே படிப்பை முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடிப்படையை நேரில் உட்கார்ந்து கேட்பது நல்லதுதான். 138-க்குத் தேவை சொற்பொழிவு இல்லை, பரிசோதனை.

எங்கே சறுக்கியது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். முடிவில் மொத்த மதிப்பெண்தான் வருகிறது, கேள்வித்தாளும் கையில் கிடைக்காது. அதனால் ஒரு முழு மாதிரித் தேர்வு, பிள்ளைகள் ஜி.டி. என்று சொல்வது, வீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். காலையில் இரண்டரை மணி நேரத்தில் 150 கேள்வி, இடைவேளை விட்டு மறுபடி அதே அளவு, அதே நாளில். முடித்ததும் தவறுகளைப் பிரிக்க வேண்டும். சுத்தமாகத் தெரியாதது எது, இரண்டு விடைகளுக்கு நடுவில் தடுமாறி மாற்றிப் போட்டது எது, களைப்பில் கேள்வியையே சரியாகப் படிக்காதது எது. தெரியாதவை ஏதோ ஓரிரு பாடங்களில் குவிந்திருந்தால் அந்தப் பாடத்துக்கு மட்டும் ஆசிரியர் போதும். தடுமாற்றம்தான் அதிகமென்றால், தேர்வு வைத்து ஒவ்வொரு கேள்வியாக விவாதிக்கும் வகுப்பு உதவும். நேரடி வகுப்பின் உண்மையான பலன் எனக்குத் தெரிந்து அங்கேதான் இருக்கிறது. 'ஏன் பி இல்லை, சி?' என்று எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். வீடியோ யாரையும் எழுப்பிக் கேட்காது.

கம்யூனிட்டி மெடிசினை, அதாவது சமூக மருத்துவத்தை, தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் 30 மதிப்பெண், மகப்பேறு மருத்துவத்துக்கு இணையாக. பொது மருத்துவத்துக்கே 33, அறுவை சிகிச்சைக்கு 32தான். வெளிநாட்டில் படித்தவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், அதில் வியப்பும் இல்லை. நம் தடுப்பூசி அட்டவணை, காசநோய் ஒழிப்புத் திட்டம், ஆஷா பணியாளரின் வேலை, ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை பேருக்கு ஒன்று என்பதெல்லாம் அங்கே ஏன் சொல்லித்தரப் போகிறார்கள்? ஆனால் இங்கே பயிற்சி மருத்துவராக உட்கார்ந்தால் முதல் வாரமே தேவைப்படும். தடயவியல் மருத்துவமும் அப்படித்தான், 10 மதிப்பெண். பூச்சிமருந்து, அரளி விதை, பாம்புக்கடி எல்லாம் நம்மூர் சமாச்சாரம். குறைகிற 12-ஐ இந்த இரண்டு பாடங்களிலிருந்தே எடுத்துவிட முடியும்.

வகுப்பில் சேர்ப்பதாக முடிவெடுத்தால், இரண்டு மூன்று மாத ரிவிஷன் பேட்ச் போதும். பணம் கட்டுவதற்கு முன் மகளை ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். விளம்பரத்தில் இருக்கும் பிரபல ஆசிரியர் பெரும்பாலும் ஓரிரு நாள் மாரத்தான் வகுப்புக்கு மட்டும் வந்து போவார். மற்ற நாட்களில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள், ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்பதுதான் முக்கியம். கால அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு வரை புதுப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும், திருப்பிப் பார்க்க நேரமே இருக்காது. கடைசி ஒரு மாதமாவது பாடம் நடத்தாமல் தேர்வும் விவாதமுமாக விட்டிருக்க வேண்டும்.

நோட்ஸையும் புரட்டிப் பார்க்கலாம். தடயவியல் நோட்ஸில் இன்னும் ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) பிரிவுகள் மட்டுமே இருந்தால் பழைய சரக்கு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கான பிரிவு 304ஏ இப்போது பிரிவு 106. இதையே மாற்றாதவர்கள் சிகிச்சை நெறிமுறைகளை மட்டும் புதுப்பித்திருப்பார்களா? 'ரீகால்' கேள்விகள் தருகிறோம் என்பதற்கும் மயங்க வேண்டாம். அவை எழுதியவர்கள் நினைவிலிருந்து சொல்வது. விடையே தவறாக இருப்பதும் உண்டு. கேள்விகளை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் தேர்வே எழுதுகிறார்கள்.

டில்லியா, சென்னையா? டில்லி கௌதம் நகரில் எய்ம்ஸை ஒட்டி இந்தப் பயிற்சி நிலையங்களும் வாசிப்பு அறைகளும் நெருக்கமாக இருக்கின்றன. படிக்கிற கூட்டம் சுற்றிலும் இருப்பது சிலருக்கு உந்துதல்தான். ஆனால் பல ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் ஆரம்பித்து இந்திக்குத் தாவிவிடுவார்கள். மகளுக்கு இந்தி புரியாவிட்டால் முக்கியமான இடத்தில்தான் விட்டுப்போகும். திருநெல்வேலியிலிருந்து போகிறவருக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன். ஊரிலேயே நல்ல வாசிப்பு அறை, ஆன்லைன் தேர்வுத் தொடர், தினமும் சேர்ந்து விவாதிக்க அதே தேர்வு எழுதும் ஒரு தோழி அமைந்தால் அதுவும் போதும். கையில் காசு இறுக்கம் என்றால் இதையே தயங்காமல் தேர்ந்தெடுங்கள்.

கட்டணம் சொல்லும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். தவணையில் கட்டுங்கள். பயிற்சி மையங்களுக்காக மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், முழுப் பணம் கட்டியவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், விடுதிக் கட்டணத்துக்கும் அதுவே என்று இருக்கிறது. 'திருப்பித் தர மாட்டோம்' என்று ரசீதில் அச்சடித்திருந்தால் கையெழுத்துப் போடும் முன் இதைச் சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதிலேயே இடத்தின் தரம் தெரிந்துவிடும். கட்டாயம் பாஸ் என்று உத்தரவாதம் கொடுப்பவர்களை விட்டு விலகிவிடுங்கள்.

அப்புறம், 'அடுத்த தடவை நெக்ஸ்ட் தேர்வு வந்துவிடும், இப்பவே சேருங்கள்' என்று அவசரப்படுத்துவார்கள். எஃப்.எம்.ஜி.இ.க்குப் பதிலாக வர வேண்டிய, 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இருக்கும் அந்தத் தேர்வு, 2023 ஜூலையில் மாதிரித் தேர்வு வரை வந்து தள்ளிவைக்கப்பட்டது. முறையான அறிவிப்பு வரும்வரை எஃப்.எம்.ஜி.இ.தான். இப்போதைய விதிப்படி எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். முன்பணத்தை இந்த வாரமே கட்ட வேண்டியதில்லை, ஜி.டி. எழுதி முடிக்கட்டும்.